ஆஃபுக்கும் ஆனுக்கும் நடுவில் ஒரு கை

"இங்கிலீஷ்ல எந்த வினைச்சொல் வேணும்னாலும் வரட்டும். பின்னாடி எந்த வாலை வேணும்னாலும் ஆட்டிக்கிட்டு வரட்டும். 'என்ன சொன்னீங்க, புரியலையே'ன்னு நான் ஒருத்தன்கிட்டயும் கேட்டது கிடையாது. இனிமே கேக்கப்போறதும் இல்ல. அப்படிக் கேக்கற நாக்கை ஆண்டவன் இந்த வாயில வைக்கலை."

இந்தப் பிரகடனம் வெளியான இடம் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டுக் கூடம். வெளியிட்டவர் அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். கையில் பாதி கடித்த வாழைப்பழம். எதிரே பசை ஒட்டும் பிரிவுப் பெண்கள், வண்டியில் சுமை ஏற்றும் ஆட்கள், தலைக்கு மேலே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகும் மின்விசிறி. மாபெரும் அறிவிப்புகளுக்கு மேடையும் மாலையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் அவர் அந்த வாழைப்பழத்தை ஏந்தி நின்ற தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். செங்கோல் கெட்டது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. மற்றபடி உலகம் அவரை வாலார் என்று அழைத்தது. அவருடைய கொள்கையிலிருந்து வந்த பெயர் அது. இங்கிலீஷ் வினைச்சொல் ஒரு விலங்கு; அப், டவுன், ஆன், ஆஃப், அவுட், ஓவர் எல்லாம் அதன் வால்கள். விலங்கு இன்னதென்று தெரியாவிட்டாலும் பாதகமில்லை, வாலைப் பிடித்தால் போதும். 'அப்' வந்தால் ஏறும். 'டவுன்' வந்தால் இறங்கும். 'அவுட்' வந்தால் வெளியே போகும். 'ஆஃப்' வந்தால் அணையும். தீர்ந்தது இங்கிலீஷ். இதைக் கற்றுத் தருகிறோம் என்று தெருவுக்குத் தெரு வகுப்பு நடத்துகிறார்களே, என்ன அநியாயம் என்று அவர் உள்ளபடியே வருந்துவார். வாலார் என்ற பெயரைக் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்ததில் கேலி செய்தவர்களுக்குப் பெருத்த ஏமாற்றம்.

கொள்கை நடைமுறையில் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சான்று. வெளிநாட்டிலிருந்து பெட்டி வாங்க வந்த ஒருவர், மாடியிலிருந்த கிடங்கைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, முகம் சிவக்க, "யூ ஹேவ் லெட் அஸ் டவுன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் ஏமாற்றிவிட்டீர்கள் என்பது அவர் குறை.

"நம்ம லிஃப்ட் அவரை நல்லபடியா கீழ இறக்கி விட்டுச்சாம் சார்," என்றார் வாலார்.

மேனேஜர் எழுந்து நின்று, வந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "தேங்க்யூ, தேங்க்யூ" என்றார். வந்தவர் மேனேஜரையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "தென் வீ ஆர் காலிங் இட் ஆஃப்" என்றார்.

"போன் பேசி முடிச்சுட்டுச் சொல்றாராம்."

பேரமே ரத்து என்றுதான் வந்தவர் சொன்னது. அந்த போன் இன்றுவரை வரவில்லை. சந்தை மந்தம் என்று மேனேஜர் மேலிடத்துக்குச் சொன்னார். மேனேஜரின் இங்கிலீஷ் குட்மார்னிங்கில் தொடங்கித் தேங்க்யூவில் முடிவது. இடையில் வெறும் வெட்டவெளி. ஆகவே வாலாரின் மொழிபெயர்ப்பைச் சந்தேகிக்கும் தகுதி அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இல்லை. அறிஞர்கள் வளர்வதற்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது.

ஒரே ஒரு எதிர்க்கட்சி இருந்தது. அது வீட்டில் இருந்தது. வாலாரின் மனைவியும் அதே தொழிற்சாலையில் பசை ஒட்டும் பிரிவில் வேலை செய்தாள். ஒரு மாலை, துணி காயப்போட்ட பால்கனியில் நின்றபடி, தமிழில் வினைச்சொல்லுக்கு வாலே கிடையாது, அதனால்தான் தமிழ் இவ்வளவு சுலபம் என்று வாலார் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் கிடையாது? 'சீக்கிரம் வந்து தொலைங்க'ன்னு தினமும் கத்தறேனே, எதைத் தொலைச்சுட்டு வர்றீங்க?" என்றாள் அவள்.

"அது வேற."

"'அந்த டப்பாவை எடுத்து விடுங்க', 'எடுத்துக்கோங்க', 'எடுத்து வைங்க'. மூணும் ஒண்ணா? நேத்து எடுத்து வைங்கன்னேன், எடுத்துத் தின்னுட்டீங்க. தமிழ்லயே வால் பிடிக்கத் தெரியலை உங்களுக்கு."

கூடத்தில் படுத்திருந்த அவள் தம்பி போர்வைக்குள்ளேயே குலுங்கிச் சிரித்தான். அவர்களோடுதான் இருந்தான். பழைய மெஷின்களில் சில்லறை வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை, "எந்தம்பிக்கு ஒரு நல்ல மெஷின் வாங்கிக் குடுங்க" என்று அக்காள் நச்சரித்ததில், புதிதாக வந்திறங்கிய மெஷினுக்கு ஆபரேட்டராகச் சொல்லி அமர்த்தியது வாலார்தான். "நாம சொன்னா மேனேஜர் தட்டமாட்டார்" என்று அதைப் பற்றியும் ஒரு சிறு பிரகடனம் உண்டு.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு எஃகு உருளைகள், ஒன்றன் மேல் ஒன்று. கீழ் உருளை சுற்றும். மேல் உருளை எண்ணெய் அழுத்தத்தில் இறங்கி, பசை தடவிய காகிதத்தையும் அட்டையையும் சேர்த்து அமுக்கும். அந்தப் பக்கம் வரும்போது பிரிக்க முடியாது. அதை நிறுவ வெளிநாட்டிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். பென்சில் போல ஒல்லி, பேச்சு மட்டும் ரயில். போகும்போது மெஷினின் பக்கவாட்டில் தன் போன் நம்பரை ஒட்டிவிட்டு, "இஃப் எனிதிங் க்ராப்ஸ் அப், கால் மீ" என்றார். ஏதாவது சிக்கல் முளைத்தால் கூப்பிடு என்றார்.

"விளைச்சல் கூடினா போன் பண்ணி அவசியம் சொல்லணுமாம் சார்," என்றார் வாலார்.

உற்பத்தியில் இவ்வளவு அக்கறையா என்று மேனேஜர் நெகிழ்ந்துபோனார்.

விளைச்சல் கூடியது. போன் மட்டும் செய்யவில்லை. செய்ய வேண்டிய நாள் ஒரு சாதாரணக் காலை வேளையில், டீ குடித்து முடித்து எல்லோரும் இடத்துக்குத் திரும்பியதும் வந்தது.

காகிதம் ஒன்று சுருண்டு உருளைகளின் வாயில் மடங்கி நின்றது. மைத்துனன் மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தி மறுபடி ஓட்டினால் பசை காய்ந்து அன்றைய வேலை கெடும் என்று ஆபரேட்டர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். வலது கையால் நுனியைப் பிடித்துச் சுண்டி இழுத்தான். காகிதம் போனது. அதோடு கையுறையின் நுனி போனது. கையுறைக்குள் இருந்த விரல்களும் போயின. இடது கை எப்படியோ சிவப்புப் பொத்தானை எட்டி அடித்தது. சுற்றிக்கொண்டிருந்தது நின்றது. மேல் உருளை மட்டும் ஏறவில்லை. அமுக்கிய இடத்தில் அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தது.

அவன் அலறவில்லை. "அக்கா" என்றான், பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் கேட்பது போல.

அவள் பசைத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எலெக்ட்ரீசியன் வந்தான். மேனேஜர் வந்தார். சரக்குப் பிரிவிலிருந்து வாலார் வந்து, கூட்டத்தை விலக்கிப் பார்த்து, பார்வையை வேறு பக்கம் திருப்பி, மறுபடி பார்த்தார். மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. உருளைகள் இருந்தன.

தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்சுக்கும் சொல்லியாயிற்று. ரயில் கேட் மூடியிருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்று பதில் வந்தது. எஃகை அறுக்கத் தொழிற்சாலையில் கருவி இல்லை. "கிரேனை வெச்சுத் தூக்கிடலாமா?" என்றார் ஒருவர். "எதைத் தூக்கினா எது எறங்கும்னு எவனுக்குத் தெரியும்?" என்றான் எலெக்ட்ரீசியன். அவன் மின்சாரம் படித்தவன். எண்ணெயில் ஓடுகிற சங்கதி அவனுக்கும் புதிது. மெஷினின் பக்கவாட்டில் ஒரு லீவர், ஒரு பெரிய கைச்சக்கரம், கடிகாரம் போல் ஒரு அழுத்தமானி, அதன் கீழே ஏதேதோ திருகுகள். எதைத் தொட்டாலும் எதுவும் நடக்கலாம்.

மேனேஜர் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து அழுத்தினார். எஞ்சினியர் எடுத்துவிட்டார்.

"குட்மார்னிங் சார்," என்றார் மேனேஜர். தன் இருப்பில் பாதி செலவானதும் போனை வாலாரின் கையில் திணித்தார். "நீங்கதான்யா பேசணும். ஸ்பீக்கர்ல போடுங்க."

மனைவி வாலாரைப் பார்த்தாள். பால்கனியில் எதிர்க்கட்சியாக இருந்த முகம் இல்லை அது. "நல்லாக் கேட்டுச் சொல்லுங்க," என்றாள். "அவன் வலது கைங்க."

வாலார் தொண்டையைச் செருமினார். "சார், ஆபரேட்டர் ஹேண்ட் இன்சைடு ரோலர்."

மறுமுனையில் ஒரு நாற்காலி விழும் சத்தம். பிறகு ரயில் ஓடத் தொடங்கியது. "இஸ் த பவர் ஷட் ஆஃப்?"

ஷட், அடைத்தல். ஆஃப், அணைதல். வாலுக்கு வால் பொருந்தியது. "கரண்டை நிறுத்தியாச்சான்னு கேக்கறார்."

"மெயினையே இறக்கிட்டேன்," என்றான் எலெக்ட்ரீசியன்.

"எஸ் சார், ஷட் ஆஃப்!" வாலாரின் குரலில் தெம்பு வந்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். மேனேஜர் தலையை ஆட்டினார். கொள்கை வேலை செய்கிறது.

"குட். நவ், ஹோல்ட் ஆஃப் ஆன் த லீவர்."

இங்கே சற்று நிற்க வேண்டும். ஹோல்ட் ஆஃப் ஆன் என்றால், அதைத் தொடாதே, இப்போதைக்குப் பொறு என்று பொருள். நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இதை நிதானமாகச் சொல்லிவிடலாம். வாலார் நின்றுகொண்டிருந்தார், எதிரே மைத்துனனின் மணிக்கட்டு இருந்தது. ஒரே விலங்குக்கு இரண்டு வால்களை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அதுவும் ஆஃபும் ஆனும் அடுத்தடுத்து! ஆஃப் செய்து ஆன் செய்வதா, ஆனில் இருப்பதை ஆஃப் செய்வதா? லீவர் என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்தது. ஹோல்ட் என்றால் பிடி. அதுவும் தெளிவு. மிச்சத்தைக் கொள்கை பார்த்துக்கொண்டது.

"லீவரைப் பிடிச்சு ஆஃப் பக்கம் தள்ளச் சொல்றார்."

எலெக்ட்ரீசியன் லீவரைப் பிடித்தான். "எது ஆஃப் பக்கம்?"

"கீழ் பக்கமாத்தான் இருக்கும். பாத்து, மெதுவா."

அவன் ஒரு விரல் கனம் தள்ளியிருப்பான். மெஷினின் வயிற்றுக்குள் 'தக்' என்று ஒரு சத்தம். மேல் உருளை ஒரு மயிரிழை அழுந்தியது. இப்போது மைத்துனன் அலறினான். அந்த அலறல் தகரக் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. எலெக்ட்ரீசியன் நெருப்பைத் தொட்டவன் போலக் கையை எடுத்துக்கொண்டான்.

"வாட் வாஸ் தட்? ஐ ஸெட் ஹோல்ட் ஆஃப்! ஹோல்ட் ஆஃப்!" என்று போன் கத்தியது.

"இன்னும் தள்ளச் சொல்றானா?" என்றான் எலெக்ட்ரீசியன். குரல் உடைந்திருந்தது. "நான் தொடமாட்டேன் சார். நீங்களே வந்து தள்ளுங்க."

வாலார் வாயைத் திறந்தபோது பழக்கம் முந்திக்கொண்டது. புரியாத இடங்களில் இத்தனை காலமும் அவரைக் காப்பாற்றிய இரண்டு வாக்கியங்கள் தாமாகவே வந்தன. "எஸ் சார். ஆஃப் கோர்ஸ் சார்."

"டோன்ட் மூவ் எனிதிங். தேர்ஸ் ஸ்டில் ப்ரெஷர் இன் இட். யூ ஹேவ் டு ப்ளீட் இட் ஆஃப் ஃபர்ஸ்ட். டெல் மீ, ஹேஸ் இட் ஆல் ப்ளெட் ஆஃப்?"

மறுபடியும் நாம் முந்திக்கொள்வோம். மின்சாரத்தை நிறுத்தினாலும் மெஷினின் எண்ணெயில் அழுத்தம் அடைபட்டு நிற்கும். ஒரு சின்னத் திருகைத் தளர்த்தி அதை மெல்ல வெளியேற்றுவதைத்தான் எஞ்சினியர் ப்ளீட் ஆஃப் என்றார். எல்லாம் வடிந்துவிட்டதா என்று கேட்டார். வடிந்தது என்றால், திற என்று சொல்வார். வடியாமல் திறந்தால், மேல் உருளை ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை முழு பலத்தோடு இறங்கும். சற்று முன் கேட்ட அந்தத் 'தக்' அதன் ஒரு துளி.

வாலாரின் காதில் விழுந்தது வேறு. ப்ளீட் என்றால் ரத்தம். அது ஊரறிந்த சொல்.

"ரத்தம்..." என்றார். "ரத்தம் எல்லாம் வடிஞ்சுடுச்சான்னு கேக்கறார்."

"ஐயோ," என்றாள் மனைவி. "எதுக்குங்க அதைக் கேக்கறான்? வடிஞ்சாத்தான் எடுப்பானாமா?"

எலெக்ட்ரீசியன் குனிந்து பார்த்தான். கையுறையின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு இறங்கி, கீழ் உருளையில் சொட்டிக்கொண்டிருந்தது. "வடியுது சார். ஆமான்னு சொல்லுங்க, சீக்கிரம் அடுத்தது என்னன்னு கேளுங்க."

"ஆமான்னு சொல்லுய்யா," என்றார் மேனேஜர். "நேரமாகுது."

"ஹலோ? ஹேஸ் இட் ப்ளெட் ஆஃப்? யெஸ் ஆர் நோ?"

கூடம் முழுவதும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. அது இங்கிலீஷிலேயே மிகச் சின்னச் சொல். வாலாருக்கு மிக நன்றாக வரும் சொல். நாக்கு அதற்குத் தயாராகப் பல்லுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது.

"மாமா," என்றான் மைத்துனன். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க இருந்த ஒரு கையால் அக்காளின் தோளைப் பிடித்திருந்தான். "மாமா, அவன் சொல்றது உங்களுக்குப் புரியுதுல்ல? மொதல்ல சொன்னது... அது சரியாத்தான் சொன்னீங்களா?"

கேலி இல்லை அதில். போர்வைக்குள் சிரிக்கும் குரலும் இல்லை. வழி தெரியாத ஊரில், பஸ் இங்கேதானே வரும் என்று கேட்பவனின் குரல் அது.

வாலார் அவனைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்தில் வாழைப்பழப் பேருரை கேட்ட அத்தனை பேரும் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். சரித்திர புருஷர்களின் வாழ்வில் இப்படிப்பட்ட கட்டங்களில் இடி இடித்ததாகவும் மின்னியதாகவும் எழுதுவது வழக்கம். அங்கே எலெக்ட்ரீசியனின் பையிலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. அவ்வளவுதான்.

"இல்ல மாப்ள," என்றார் வாலார். "புரியலை."

"என்னது?" என்றார் மேனேஜர்.

வாலார் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். அது பல்லில் இடித்தது.

"சார். ஐ டோன்ட் நோ திஸ் வேர்ட். ப்ளீட் ஆஃப். ப்ளட் ஆர் வாட், சார்?"

"வாட்?" என்றது போன்.

"ஹோல்ட் ஆஃப் ஆன் ஆல்ஸோ, ஐ டோன்ட் நோ," என்றார் வாலார். மூட்டையை இறக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தவில்லை. "ஐ டோல்ட் ராங். தே புஷ்ட் லீவர். ப்ளீஸ் டெல் ஸ்மால் வேர்ட்ஸ்."

எஞ்சினியர் மூச்சை இழுத்து விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. ரயில் நின்றது. அதிலிருந்து ஒரு மனிதன் இறங்கி நடந்து வந்தான்.

"ஓகே. நோ ப்ளட். ஆயில். ஆயில், யெஸ்? டோன்ட் டச் லீவர். நோபடி டச்."

"லீவரை யாரும் தொடாதீங்க! ரத்தம் இல்ல, எண்ணெய். எண்ணெயைச் சொல்றார்."

"அட கடவுளே," என்றான் எலெக்ட்ரீசியன். லீவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போய், அது கடித்துவிடும் போல அதையே பார்த்தான்.

"ரவுண்ட் க்ளாக். அண்டர் க்ளாக், ஸ்மால் ஸ்க்ரூ. யெல்லோ."

"அழுத்தமானிக்குக் கீழ சின்னத் திருகு. மஞ்சள் கலர்."

"இருக்கு. ரெண்டு திருகு இருக்கு சார். ஒண்ணு மஞ்சள், ஒண்ணு மஞ்சள் மாதிரி."

வேறொரு நாளாக இருந்தால் வாலார் இதை முடிவு செய்திருப்பார். "சார், டூ ஸ்க்ரூ. லெஃப்ட் ஆர் ரைட்?" என்று கேட்டார்.

"லெஃப்ட். டர்ன் ஸ்லோ. வெரி ஸ்லோ. ஆயில் கம்ஸ். வாட்ச் த நீடில்."

எலெக்ட்ரீசியன் ஸ்பேனரை வைத்தான். திருகு நகரவில்லை. வேகம் கொடுத்தால் பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். மனைவி தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்து, அவன் கண்ணை மூடினாள். திருகு 'கிர்' என்று அசைந்தது. கருப்பாக ஒரு துளி எண்ணெய் வந்தது. பிறகு நூலாக வந்தது.

"முள் எறங்குது," என்றான் எலெக்ட்ரீசியன்.

முள் கொஞ்சம் இறங்கியது, நின்றது, யோசித்தது, மறுபடி இறங்கியது. மெஷின் ஏதோ பெரிய பிராணி தூக்கத்தில் மூச்சு விடுவது போல் ஒரு சத்தம் செய்தது. மைத்துனன் பல்லைக் கடித்தான். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார், யாரை என்று அவருக்கே தெரியாது.

"ஜீரோ?" என்றது போன்.

"பூஜ்யம் ஆச்சா?"

"ஆகப்போகுது."

"ஆகப்போகுதுன்னா ஆகலை," என்றார் வாலார். "நாட் ஜீரோ சார். வெயிட்."

இவ்வளவு சின்னச் சொற்களில் இவ்வளவு பெரிய இங்கிலீஷை அவர் அதுவரை பேசியதில்லை. முள் ஒரு கடைசி நடுக்கம் நடுங்கி, அடியில் போய்ப் படுத்தது.

"ஆயிடுச்சு!"

"ஜீரோ சார்!"

"குட் மேன். நவ் த பிக் வீல். பேக் இட் ஆஃப்." அவசரத்தில் எஞ்சினியருக்கும் பழக்கம் முந்திக்கொண்டது.

எலெக்ட்ரீசியன் கைச்சக்கரத்தைப் பிடித்துவிட்டான். பேக் என்றால் பின்னால். கூட்டத்தில் சிலர், தங்களைத்தான் சொல்கிறார் என்று இரண்டடி பின்வாங்கினார்கள்.

"தொடாத! இரு!" என்று வாலார் கத்தினார். பிறகு போனில், "சார், பேக் இட் ஆஃப் மீன்ஸ் டைட்? லூஸ்?"

"லூஸ். லூஸ். லெஃப்ட் சைடு, லூஸ்."

"இடது பக்கம் தளர்த்து. தளர்த்தறதுதான். நானே கேட்டுட்டேன், தைரியமாப் பண்ணு."

சக்கரம் சுற்றியது. மேல் உருளைக்கும் கீழ் உருளைக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. கோடு பட்டையானது. அக்காள் தம்பியின் முழங்கையைப் பிடித்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாகக் கையை வெளியே எடுத்தாள்.

கையுறையை எலெக்ட்ரீசியன் கத்தரித்தான். உள்ளே இருந்தது கைதான். நீலம் பாரித்து, வீங்கி, நகம் ஒன்று எழும்பி, புறங்கையில் தோல் உரிந்து, அட்டை மடிப்பின் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. அதைப் பார்த்து மேனேஜர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அசைச்சுப் பாருடா," என்றாள் அக்காள்.

கட்டைவிரல் அசைந்தது. சுண்டுவிரல் அசைந்தது. நடுவில் இருந்தவை யோசித்தன. பிறகு அவையும், ஒவ்வொன்றாக, மிகவும் சலித்துக்கொண்டு அசைந்தன. மைத்துனன் அப்போதுதான் அழுதான். அவன் அழுததும் அவளும் அழுதாள். "எருமை, மெஷினை நிறுத்திட்டு எடுக்க என்னடா கேடு உனக்கு" என்று அவன் தலையில் ஒன்று வைத்துவிட்டு, வைத்த இடத்தையே தடவிக்கொடுத்தாள்.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் கையைப் பார்த்து, ஈரத்துணி சுற்றி, உயரத் தூக்கிக் கட்டி, படம் எடுத்துப் பார்த்தால்தான் எலும்பு தெரியும், ஆனால் விரல் அசைவது நல்லது என்றார்கள். மைத்துனனை நடத்திக் கூட்டிப்போனார்கள். கூடவே போன அக்காள், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். போன் இன்னும் வாலாரின் கையில் பேசிக்கொண்டிருந்தது.

"ஹலோ? ஆர் யூ தேர்? ஹவ் இஸ் ஹீ?"

"ஹேண்ட் அவுட் சார். ஃபிங்கர்ஸ் மூவிங். ஆம்புலன்ஸ் கம்."

"ஓ, தேங்க் காட். ஹீ வில் புல் த்ரூ." பையன் தேறிவிடுவான் என்றார்.

ஸ்பீக்கர் கூடம் முழுக்கக் கேட்டது. அவள் வாசலிலிருந்து இரண்டெட்டில் திரும்பி வந்தாள். புல் என்ற சொல்லை அவள் தினமும் தொழிற்சாலையின் கண்ணாடிக் கதவில் பார்க்கிறவள்.

"என்னங்க சொல்றான்? புல்லுன்னா இழுக்கறதுதானே? கையைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதை இழுக்கணுமாம்?"

எலெக்ட்ரீசியன் ஸ்பேனரோடு நிமிர்ந்தான். மூட்டையின் மேலிருந்த மேனேஜர் எழுந்தார். எல்லோரும் வாலாரைப் பார்த்தார்கள். இழு, ஊடாக, ஊடாக, இழு, இரண்டையும் எப்படிப் போட்டாலும் ஏதோ ஒன்று வந்துவிடும் போலத்தான் இருந்தது.

"தெரியலை," என்றார் அவர். "இரு, கேக்கறேன்."